மூன்று வருடம் மழை இல்லை: ஒரு பேரரசு காலியான கதை

இந்த எபிசோடில் ஒரே ஒரு கேள்வியை எடுத்துக்கொள்ளப் போகிறேன். ஒரு இயற்கைப் பேரழிவால் ஒரு பேரரசையே கவிழ்த்துவிட முடியுமா?

கேள்வியைக் கேட்டதும் உங்க மனசுக்குள்ள ஒரு படம் ஓடியிருக்கும். எரிமலை வெடிக்குது, கடல் ஊருக்குள்ள வருது, பூமி பிளக்குது, அரண்மனைத் தூண்கள் சரியுது. எனக்கும் ரொம்ப நாள் அந்தப் படம்தான் ஓடிக்கொண்டிருந்தது. வரலாறு வேறு மாதிரி இருக்கு.

கி.பி. 79-ல் வெசூவியஸ் எரிமலை வெடித்து பாம்பேய் நகரம் சாம்பலில் புதைந்தது. ரோமப் பேரரசு விழுந்ததா? இல்லை. கி.பி. 115-ல் அந்தியோக் நகரத்தில் பெரிய நிலநடுக்கம் வந்தது. பேரரசர் ட்ராஜன் அப்போது அங்கேதான் தங்கியிருந்தார். ஜன்னல் வழியாகத் தப்பித்தார் என்று அந்தக் கால வரலாறு சொல்கிறது. அப்போதாவது ரோம் விழுந்ததா? அதுவும் இல்லை. ட்ராஜன் காலத்தில்தான் ரோமப் பேரரசு தன் வரலாற்றிலேயே மிகப் பெரிய பரப்பைத் தொட்டது. நகரம் போகுது, பேரரசு நிற்குது.

அந்த அந்தியோக்தான் இன்றைய துருக்கியில் இருக்கும் அந்தாக்யா. 2023 பிப்ரவரி 6-ம் தேதி துருக்கியிலும் சிரியாவிலும் வந்த நிலநடுக்கத்தில் தரைமட்டமான ஊர்களில் அதுவும் ஒன்று. துருக்கியில் மட்டும் 50,000 பேருக்கு மேல் இறந்தார்கள். உலகமே அந்த நாட்டைப் பார்த்துக்கொண்டிருந்த அந்த வாரத்தில், பிப்ரவரி 8-ம் தேதி, 'நேச்சர்' இதழில் ஒரு ஆய்வுக் கட்டுரை வந்தது. அதுவும் துருக்கி மண்ணைப் பற்றியது, ஒரு பேரழிவைப் பற்றியது. ஆனால் 3,200 வருடத்துக்கு முந்தையது. சத்தமே போடாத ஒரு பேரழிவு. நான் இன்னைக்கு சொல்லப் போறது அதைத்தான்.

எகிப்துக்குச் சமமாக உட்கார்ந்தவர்கள்

ஹிட்டைட்டுகள். பள்ளிப் பாடப் புத்தகத்தில் ஒரு வரியில் கடந்து போயிருப்போம். கி.மு. 1650 வாக்கில் தொடங்கி கிட்டத்தட்ட 450 வருடம், இன்றைய துருக்கியின் பெரும்பகுதியையும் சிரியாவின் வடக்கையும் ஆண்டவர்கள். தலைநகரம் ஹட்டுசா. அங்காராவுக்குக் கிழக்கே, போவாஸ்கலே என்ற சின்ன ஊருக்குப் பக்கத்தில் அதன் இடிபாடுகள் இன்றும் இருக்கின்றன. 6 கிலோமீட்டருக்கு மேல் நீளும் மதில். சிங்கங்கள் செதுக்கிய வாசல். 1906-ல் தொடங்கிய அகழாய்வுகளில் சுமார் 30,000 களிமண் பலகைகளும் துண்டுகளும் கிடைத்தன. ஒரு அரசாங்கத்தின் மொத்த ஃபைல் ரூமே கிடைச்ச மாதிரின்னு வச்சுக்கோங்க.

இவர்கள் எவ்வளவு பெரிய ஆட்கள் என்றால், கி.மு. 1274-ல் காதேஷ் என்ற இடத்தில் எகிப்தின் இரண்டாம் ராம்செஸோடு மோதினார்கள். ராம்செஸ் தான் ஜெயித்ததாகக் கோயில் சுவரெல்லாம் செதுக்கி வைத்தார். உண்மையில் காதேஷ் ஹிட்டைட்டுகள் கையில்தான் இருந்தது. பிறகு கி.மு. 1259-ல் இரண்டு பேரும் சமாதான ஒப்பந்தம் போட்டார்கள். அதன் பிரதி ஒன்று இன்றைக்கு நியூயார்க்கில் ஐ.நா. தலைமையகத்தில் மாட்டப்பட்டிருக்கிறது.

இவ்வளவு பெரிய அரசு கி.மு. 1200-ஐ ஒட்டி காணாமல் போகிறது. அதற்குப் பிறகு ஹட்டுசாவில் யாரும் ஒரு களிமண் பலகைகூட எழுதவில்லை.

அதற்கு முன்னால் இவர்களுக்குக் கஷ்டமே வந்ததில்லையா? வந்தது. கி.மு. 14-ம் நூற்றாண்டில் எதிரிகள் தலைநகரத்தையே எரித்தார்கள். மீண்டு வந்தார்கள். எகிப்தியப் போர்க் கைதிகளோடு ஒரு கொள்ளைநோய் உள்ளே வந்தது, சுமார் 20 வருடம் ஓயவில்லை. அரசர் இரண்டாம் முர்சிலி அந்த நோயைப் பற்றி தெய்வங்களிடம் முறையிட்ட பிரார்த்தனைகள் இன்றும் இருக்கின்றன. பழைய ஆவணங்களைத் தேடிப் பார்த்தேன், என் அப்பா ஒரு சத்தியத்தை மீறியிருக்கிறார், அதற்கான தண்டனையா இது என்று கேட்கிறார். அதிலிருந்தும் மீண்டார்கள். சிம்மாசனத்துக்காகச் சித்தப்பாவும் அண்ணன் மகனும் அடித்துக்கொண்டார்கள். அதிலும் நாடு பிழைத்தது.

தலைநகரம் எரிஞ்சு பிழைச்சவங்க, கொள்ளைநோயில பிழைச்சவங்க, உள்நாட்டுச் சண்டையில பிழைச்சவங்க எதுல விழுந்தாங்க?

தாத்தா சொன்ன கணக்கு

இங்கே ஒரு நிமிடம் என் தாத்தாவைக் கூப்பிட்டுக்கொள்கிறேன். விளாத்திகுளம் பக்கம் கரிசல் காட்டில் மானாவாரி விவசாயம் பார்த்தவர். கம்பு, சோளம். வாய்க்கால் கிடையாது, வானம்தான். வீட்டில் தானியம் போட்டு வைக்கிற குலுக்கை இருந்தது. அது இல்லாமல் தனியாக ஒரு பானை. வேப்பிலையும் சாம்பலும் கலந்து, வாயை மண்ணால் பூசி மூடி வைத்திருப்பார்கள். விதை. வீட்டில் சோறு இல்லாவிட்டாலும் அந்தப் பானையைத் தொடக் கூடாது.

சின்ன வயதில் ஒரு லீவில், மழை வராட்டி என்ன தாத்தா செய்வீங்க என்று கேட்டேன். அவர் சொன்னது இதுதான்: "மொத வருசம் சோத்துல கை வைக்கும். ரெண்டாவது வருசம் மாட்டுல கை வைக்கும். மூணாவது வருசம் விதையில கை வைக்கும். அதுக்கு மேல ஊருல இருக்க முடியாதுய்யா."

கதை மாதிரி கேட்டுவிட்டுப் போய்விட்டேன். 2023-ல் அந்த ஆய்வைப் படித்தபோது திரும்ப நினைவுக்கு வந்தது. ஏனென்றால் ஹிட்டைட் பேரரசின் மையப் பகுதியும் மானாவாரிதான்.

எகிப்துக்கு நைல் இருந்தது. மெசபடோமியாவுக்கு யூப்ரடீஸும் டைக்ரிஸும் இருந்தன. ஹட்டுசா கடலிலிருந்து தூரமாக, சுமார் 1,000 மீட்டர் உயரத்தில், மேட்டு நிலத்தில் இருந்தது. படகு விடுகிற மாதிரி ஆறு பக்கத்தில் இல்லை. கோதுமையும் பார்லியும் மழையை நம்பித்தான் விளைந்தன. அந்த ஆய்வு வைக்கும் கணக்குப்படி, வருடத்துக்குச் சுமார் 300 மில்லிமீட்டருக்குக் கீழே மழை போனால் அங்கே கோதுமை பொய்த்துவிடும். நம்ம சென்னைக்கு வருடத்துக்குச் சராசரியா 1,400 மில்லிமீட்டர் மழை. ஒப்பிட்டுப் பாருங்க. அவங்க எப்பவுமே விளிம்புல நின்னுதான் சாப்பிட்டுக்கிட்டிருந்தாங்க.

அவர்களுடைய முதன்மைத் தெய்வங்களில் ஒன்று இடி-மழைக் கடவுள். அரசர்தான் அந்தத் தெய்வங்களுக்குத் தலைமைப் பூசாரியும். மழை பெய்தால் அரசரும் கடவுளும் நல்ல உறவில் இருக்கிறார்கள் என்று அர்த்தம். பெய்யாவிட்டால்? தெலிபினு என்ற தெய்வம் கோபித்துக்கொண்டு போய்விட, பயிர் பட்டுப்போய் ஆடுமாடு சினை பிடிக்காமல் நாடே வாடுவதாக அவர்களிடம் ஒரு பழங்கதை உண்டு. அந்தக் கதையைச் சொன்ன ஜனங்களுக்குப் பஞ்சம் என்பது தெரியாத விருந்தாளி இல்லை.

தயாராக இருந்த அரசு

அரசு சும்மா இருந்ததா என்றால், இல்லை. இந்த இடம்தான் எனக்கு ரொம்ப முக்கியமாகப் படுகிறது.

ஹட்டுசாவில் பாறையும் மண்ணும் தோண்டி நிலத்தடிக் களஞ்சியங்கள் கட்டியிருந்தார்கள். தானியத்தைக் கொட்டி, மேலே மண் போட்டு இறுக்கமாக மூடிவிடுவார்கள். உள்ளே இருக்கும் ஆக்சிஜன் தீர்ந்துபோகும், புழு பூச்சி வாழ முடியாது, தானியம் வருடக்கணக்கில் கெடாது. பல ஆயிரம் டன் தானியம் கொள்ளும் அளவு பெரிய களஞ்சியங்கள் அவை. நகரத்துக்குள்ளேயே குளங்கள் வெட்டினார்கள். அரசர் நான்காம் துதாலியா காலத்தில், கி.மு. 13-ம் நூற்றாண்டில், நாட்டில் பல இடங்களில் அணைகள் கட்டினார்கள். ஹட்டுசாவுக்குப் பக்கத்தில் அலாஜாஹோயூக்கில் இருக்கும் ஒரு அணையைத் தூர்வாரி இன்றும் பயன்படுத்துகிறார்கள்.

வெளியிலிருந்தும் தானியம் வாங்கினார்கள். அரசி புதுஹேபா தன் மகளை இரண்டாம் ராம்செஸுக்குக் கட்டிக்கொடுக்கும் பேச்சுவார்த்தைக் கடிதத்தில், எங்கள் நாட்டில் தானியம் இல்லை என்று வெளிப்படையாக எழுதுகிறார். அடுத்து வந்த ஃபாரோ மெர்னெப்டா, ஹிட்டைட் நாட்டை உயிரோடு வைத்திருக்கக் கப்பலில் தானியம் அனுப்பியதாகக் கல்வெட்டில் சொல்லிக்கொள்கிறார். ஒரு காலத்தில் போர்க்களத்தில் எதிரே நின்ற நாட்டிடமே கையேந்தும் நிலை. ஆனாலும் அது ஒரு ஏற்பாடு. கொஞ்ச நாளைக்கு அது வேலை செய்தது.

பிறகு உகாரித் துறைமுகத்தில், சிரியக் கடற்கரையில், ஒரு களிமண் கடிதம் கிடைத்தது. ஹிட்டைட் தரப்பிலிருந்து உகாரித் அரசருக்குப் போனது. தானியம் ஏற்றி உரா துறைமுகத்துக்குக் கொண்டுபோக உடனே கப்பலும் ஆட்களும் கொடு என்கிறது. இன்றைய கணக்கில் சுமார் 450 டன். தாமதிக்காதே, இது உயிர் போகிற விஷயம் என்ற தொனியில் கடிதம் முடிகிறது. அதிகாரப்பூர்வக் கடிதங்கள் படித்துப் பழகியவர்களுக்குத் தெரியும், அரசாங்கங்கள் லேசில் இந்தத் தொனிக்கு இறங்குவதில்லை.

மரம் வைத்திருந்த சாட்சி

இனி அந்த 2023 ஆய்வு. அமெரிக்காவின் கார்னெல் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஸ்டர்ட் மேனிங்கும் அவர் குழுவும் செய்தது. சாட்சி யார் தெரியுமா? ஜூனிபர் மரங்கள்.

அங்காராவுக்குத் தென்மேற்கே கோர்டியன் என்ற இடத்தில் 53 மீட்டர் உயரத்தில் ஒரு மண்மேடு இருக்கிறது. மைடாஸ் மேடு என்பார்கள். அதன் உள்ளே கி.மு. 740 வாக்கில் மரத்தால் கட்டிய ஒரு கல்லறை அறை. ஹிட்டைட்டுகள் போய் 400 வருடத்துக்கும் மேல் கழித்துக் கட்டியது. ஆனால் கட்டியவர்கள் வெட்டிய ஜூனிபர் மரங்கள் மிகவும் வயதானவை. அவற்றின் வளையங்கள் பின்னோக்கிப் போய் ஹிட்டைட் காலத்தையும் தொடுகின்றன.

மரம் வருடத்துக்கு ஒரு வளையம் போடும். மழை நன்றாகப் பெய்த வருடம் வளையம் தடிமனாக இருக்கும். காய்ந்த வருடம் ஒல்லியாக இருக்கும். அதோடு இன்னொரு தடயமும் உண்டு. தண்ணீர் இல்லாதபோது மரம் இலைத்துளைகளை மூடிக்கொள்ளும். அப்போது கட்டையில் சேரும் இரண்டு வகைக் கார்பன்களின் விகிதம் மாறும். வளையத்தையும் கார்பனையும் சேர்த்துப் படித்தால், அந்த வருடம் மரம் தாகத்தில் இருந்ததா என்று சொல்லிவிடலாம்.

படித்துப் பார்த்தார்கள். அந்தக் காலகட்டத்தில் பொதுவாகவே நிலம் வறண்டுகொண்டு வந்தது தெரிந்தது. அதற்குள்ளே ஒரு இடத்தில் மூன்று வளையங்கள் அடுத்தடுத்து கடுமையான வறட்சியைக் காட்டின. கி.மு. 1198, 1197, 1196. இரண்டு மூன்று வருடம் முன்னே பின்னே இருக்கலாம். பேரரசு மறையும் அதே நேரம்.

தாத்தா கணக்கை இங்கே வச்சுப் பாருங்க. ஒரு வருடம் மழை பொய்த்தால் களஞ்சியம் தாங்கும். அதற்காகத்தானே கட்டினார்கள். இரண்டாவது வருடம் களஞ்சியம் குறையும், ஆடுமாடு குறையும், வரி வராது. அங்கே வரி என்றால் தானியம்தான். படைவீரனுக்குக் கொடுப்பதும் அதே தானியம்தான். மூன்றாவது வருடம் விதையே இல்லை. நாலாவது வருடம் மழை கொட்டினாலும் நிலத்தில் போட ஒன்றும் கிடையாது.

நான் புரிந்துகொண்டது இதுதான். பேரரசு என்பது ஒரு நல்ல வருடத்தின் மிச்சத்தை ஒரு கெட்ட வருடத்துக்குக் கடத்துகிற ஏற்பாடு. ஒரு இடத்தின் மிச்சத்தை இன்னொரு இடத்துக்குக் கடத்துகிற ஏற்பாடும்கூட. நிலநடுக்கம் ஒரு ஊரை எடுத்துக்கொள்கிறது, பக்கத்து ஊர்கள் அதைத் தூக்கி நிறுத்துகின்றன. அடுத்தடுத்த வறட்சி எல்லா ஊரின் மிச்சத்தையும் ஒரே நேரத்தில் எடுத்துக்கொள்கிறது. தூக்கி நிறுத்த ஆள் இல்லை.

பூட்டிவிட்டுப் போன நகரம்

ஹட்டுசாவின் முடிவு எப்படி இருந்தது? ரொம்ப காலம் எல்லாரும் நினைத்தது, கடல் வழியாக வந்த கூட்டத்தார் படையெடுத்து எரித்துவிட்டார்கள் என்று. தரையில் எரிந்த தடயம் இருப்பது உண்மை. ஆனால் பிறகு அகழாய்வாளர்கள் உற்றுப் பார்த்தபோது ஒன்று உறுத்தியது. எரிந்த பெரிய கட்டடங்கள் பெரும்பாலும் காலியாக இருந்தன. அவசரத்தில் ஓடினால் வீட்டில் சாமான் கிடக்கும். அங்கே மதிப்புள்ள பொருள் எதுவும் இல்லை. கொண்டுபோக முடிந்ததைக் கொண்டுபோய்விட்டார்கள். நகரம் முதலில் காலியானது, அப்புறம்தான் எரிந்தது.

விட்டுவிட்டுப் போனது எதை என்றால், அந்த ஆயிரக்கணக்கான களிமண் பலகைகளை. ஒப்பந்தங்கள், சடங்கு விதிகள், பிரார்த்தனைகள், தீர்ப்புகள். ஒரு பேரரசு தன்னைப் பற்றி நினைத்துக்கொண்டிருந்த அத்தனையையும் விட்டுவிட்டுப் போனார்கள்.

யார் முதலில் கிளம்பியிருப்பார்கள் என்று நான் அடிக்கடி யோசிப்பேன். அரசர் இரண்டாம் சுப்பிலுலியுமாவைத்தான் கடைசி அரசர் என்கிறார்கள். அவரும் அரசவையும் முதலில் போயிருக்கலாம். களஞ்சியத்தில் தங்கள் பங்கு இனி வராது என்று தெரிந்த நாளில் குயவர்களும் காவல்காரர்களும் முதலில் போயிருக்கலாம். எப்படியானாலும் ஒரு நாள் ஒரு குடும்பம் தன் விதைப் பானையைத் திறந்து பார்த்து, இருக்கலாமா போகலாமா என்று முடிவெடுத்திருக்கும்.

அப்போ வறட்சி மட்டும்தான் காரணமா? அப்படிச் சொன்னால் தப்பு. அதே காலத்தில் அரச குடும்பத்துக்குள் பிளவு இருந்தது. வடக்கே காஸ்கா மக்களின் தொல்லை எப்போதும் இருந்தது. தெற்கே கடற்கரையில் கொள்ளையும் சண்டையும் நடந்தன. தானியக் கப்பல் வந்துகொண்டிருந்த உகாரித்தும் கி.மு. 1185 வாக்கில் அழிந்தது. இவை ஒவ்வொன்றையும் தனித்தனியாக அவர்கள் முன்பு சமாளித்திருக்கிறார்கள். கையிருப்பு தீர்ந்த நேரத்தில் எல்லாம் சேர்ந்து வந்ததுதான் வித்தியாசம்.

இதற்கு ஒரு சாட்சி உண்டு. மேட்டு நிலத்தில் ஹட்டுசா காலியானபோது, அதே அரச குடும்பத்தின் கிளை ஒன்று கார்கெமிஷ் நகரத்தில் தொடர்ந்து ஆண்டது. ஹிட்டைட் பெயர்களும் தெய்வங்களும் அந்தப் பக்கத்துச் சிற்றரசுகளில் இன்னும் சில நூற்றாண்டுகள் வாழ்ந்தன. கார்கெமிஷ் இருப்பது யூப்ரடீஸ் ஆற்றங்கரையில். அது மட்டுமே காரணம் என்று சொல்ல மாட்டேன். ஆனால் வரைபடத்தில் அந்த ஆற்றைப் பார்க்கும்போது தாத்தா ஞாபகம்தான் வருகிறது.

எகிப்தும் காயம் படாமல் தப்பவில்லை. சில பத்து வருடம் கழித்து, மூன்றாம் ராம்செஸ் காலத்தில், அரசர்களின் கல்லறைகளைக் கட்டிய தொழிலாளர்கள் கூலித் தானியம் வராததால் வேலையை நிறுத்திவிட்டு உட்கார்ந்தார்கள். பதிவாகியிருக்கும் மிகப் பழைய வேலைநிறுத்தம் என்று இதைச் சொல்வார்கள். நைல் இருந்த நாட்டிலேயே அந்த நிலைமை.

களஞ்சியத்தின் மேல் ஒரு ஊர்

ஹட்டுசாவில் ப்யூயுக்காயா என்று ஒரு பாறை மேடு. பேரரசின் தானியக் களஞ்சியங்களில் ஒரு பகுதி அங்கேதான் இருந்தது. பேரரசு போன பிறகு அதே மேட்டில் ஒரு சின்னக் குடியிருப்பு இருந்ததை அகழாய்வில் கண்டுபிடித்தார்கள். எளிமையான வீடுகள். சக்கரத்தில் வனையாமல் கையால் செய்த பானைகள். எழுத்து இல்லை, அரண்மனை இல்லை, வரி கேட்டு வரும் அதிகாரி இல்லை.

அதனால்தான் 'அழிந்தது' என்ற வார்த்தையை இந்தக் கதைக்குப் பயன்படுத்த எனக்குத் தயக்கம். மக்களில் எத்தனையோ பேர் பசியில் இறந்திருப்பார்கள், அதைக் குறைத்துச் சொல்லவில்லை. ஆனால் மிச்சப்பட்டவர்கள் வேறு இடத்தில், வேறு அளவில் வாழ்ந்தார்கள். அவர்களைத் தாங்க முடியாமல் போன பேரரசை, அவர்கள் அங்கேயே விட்டுவிட்டுப் போனார்கள்.

எனவே ஆரம்பத்தில் கேட்ட கேள்விக்கு என் பதில்: முடியும். ஆனால் நாம் கற்பனை பண்ணுகிற மாதிரி ஒரே அடியில் இல்லை. களஞ்சியம் கட்டிய அரசு அது, அணை கட்டிய அரசு, கப்பலுக்கு ஆள் அனுப்பிய அரசு. அவர்கள் போட்ட கணக்கில், ஒரு கெட்ட வருடத்துக்குப் பிறகு ஒரு நல்ல வருடம் வந்துவிடும் என்று இருந்தது. 450 வருடம் அப்படித்தான் வந்தும் இருக்கிறது.

தாத்தா இறந்த பிறகு விளாத்திகுளம் வீட்டை விற்றுவிட்டார்கள். குலுக்கை என்ன ஆனது என்று எனக்குத் தெரியாது. அந்த விதைப் பானையை மட்டும் அம்மா எடுத்துவந்து சென்னை வீட்டு பால்கனியில் வைத்திருக்கிறார். இப்போ அதுல மணி பிளான்ட் இருக்கு.

உங்க வீட்டுலயும் இப்படி மழைக் கணக்கு, பஞ்சக் கணக்கு சொன்ன பெரியவங்க இருந்தா, அவங்க சொன்னதை எனக்கு எழுதி அனுப்புங்க. அடுத்த எபிசோடில் சந்திப்போம்.